அப்பா படத்துக்கு முந்தைய படம்

கரியாஹாட் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் டிசைன் கடையில் என் கீபோர்டின் எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. இடது மூலையில் எஸ்கேப் பட்டன் மட்டும் புதிதுபோல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலர் வடிவமைக்க எங்களிடம் வந்திருந்தது. உறுப்பினர் குடும்பங்களின் படங்களை கம்ப்யூட்டரே ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கங்களில் பொருத்தும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஏதாவது தவறினால் எஸ்கேப் அழுத்தி நிறுத்தவும் வழி வைத்திருந்தேன். தன் படம் ஏறுவதைப் பார்க்க, விடுமுறை நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா வந்தார். லேக் கார்டன்ஸில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் லிஃப்ட் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடையில் கேட்டவர்களிடம், அப்பா 'பில்டிங் மேனேஜ்மென்ட்' என்று சொல்லி வைத்திருந்தேன். அவரோ காக்கிச் சீருடையில், லிஃப்டின் இரும்புக் கதவைப் பிடித்தபடி படம் எடுத்துக் கொடுத்திருந்தார். அதுதான் தனக்கு எடுப்பு என்பது அவர் எண்ணம்.

ஸ்கிரிப்ட் ஓடியது. குடும்பங்கள் வரிசையாகக் கட்டங்களில் வந்து உட்கார்ந்தன. நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் சீனியர் டிசைனர் டீயோடு பின்னால் வந்து நின்று, "உன் பாபா போட்டோ எப்போ வரும்?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

"அடுத்தது நான்தான்" என்றார் அப்பா.

விரல் தானாகப் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். நான்தான் அழுத்தினேன். திரை நின்றது. அடுத்த கட்டம் காலி.

"என்னடா, நின்னுபோச்சு?"

"ஹேங் ஆயிருச்சுப்பா."

என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். தீதியிடம் திரும்பி, பையன் மேல் தப்பில்லை, மெஷின் என்றால் அப்படித்தான் என்று தன் அரைகுறை வங்காள மொழியில் கெஞ்சினார். பிறகு என்னிடம், "லிஃப்டும்தான் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. உள்ள இருக்கறவங்க என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. நீ பதறாத சாமி. நான் புஸ்தகத்துல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

தீதி தன் இடத்துக்குப் போனபின் மறுபடி ஓட்டினேன். காக்கி, இரும்புக் கதவு, சிரிப்பு எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன.

மலர் அச்சாகி வந்ததும் அப்பா அதை லிஃப்டிலேயே வைத்துக்கொண்டார். ஒருநாள் நானும் உள்ளே இருந்தபோது, ஏறிய தமிழ்க்காரர் ஒருவரிடம் பக்கத்தைத் திறந்து காட்டினார். "என் பையன் போட்டது சார். அன்னிக்கு மெஷின் நடுவுல நின்னுபோச்சு. இவன்தான் ஓட வெச்சான்."

அந்தத் தமிழ்க்காரர் இறங்கும் மாடி வரும்வரை நான் கதவின் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் ஸ்கிரிப்டை ஓடவிட்டால் என் இடது கை எஸ்கேப்பை விட்டு மடிக்கு வந்துவிடுகிறது.