ஆள் நிறைந்தால் அடம்பிடிக்கும் மவுஸ்

என் வீட்டுக்காரர் சிவநேசனுக்கு மாக் மண்டினில் கார் சாமான் கடையில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரைக்குப் போனால் ஜார்ஜ் டவுன் வீட்டுக்குத் திரும்ப இருட்டிவிடும். அதெல்லாம் சம்பளத்துக்கு. உயிரை அவர் வைத்திருப்பது சனிக்கிழமை கல்யாண டின்னர்களில். மாப்பிள்ளை, பெண்ணின் பழைய படங்களைக் கோர்த்துப் பாட்டோடு திரையில் காட்டுவார். தானாக ஓடவிடுவது அவருக்கு ஆகாது. ஜனம் சிரித்தால் படத்தைக் கொஞ்சம் நிறுத்தி, சிரிப்பு அடங்கியதும் மாற்றி, ஒவ்வொன்றையும் தன் கையால் நகர்த்த வேண்டும். கணினி முன்னால் திரைக்குப் பக்கத்தில் இருக்கும். இவர் விருந்தினரோடு பின்மேசையில் உட்கார்ந்து, வயரில்லாத மவுஸை அழுத்திக்கொண்டிருப்பார்.

எனக்கோ எரிச்சல். ஊரில் மற்ற பெண்டாட்டிகள் புருஷனோடு பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையைச் சுற்ற, நான் மட்டும் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பிரியாணி தின்றுகொண்டிருப்பேன்.

கெப்பாலா பத்தாஸில் நடந்த டின்னர் ஒன்றில் அவர் மானம் கப்பலேறியது. மாப்பிள்ளை கைக்குழந்தையாய், ஒட்டுத்துணி இல்லாமல், பிளாஸ்டிக் பேசினில் குளிக்கும் படம். இவர் அழுத்துகிறார், அழுத்துகிறார், நகரவே இல்லை. பாட்டு முடியும்வரை மாப்பிள்ளை பேசினிலேயே இருந்தார். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை.

புது மவுஸ் வாங்கினார், புது பேட்டரி போட்டார். அடுத்த டின்னரிலும் அதே கூத்து. வீட்டில் சமையலறையிலிருந்து அழுத்தினாலும் வேலை செய்கிறது, வாசலிலிருந்து அழுத்தினாலும் செய்கிறது. மத்தியானம் மண்டபத்துக்கே போய்ச் சோதித்தாலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. விருந்தினர் வந்ததும் முரண்டு பிடிக்கிறது.

அடுத்து வந்தது, கடைக்கு வாடிக்கையாக வரும் புவனேஸ்வரன் அங்கிளின் மகள் தனுஜாவின் டின்னர்.

"இதுலயும் சொதப்புச்சுன்னா புரொஜெக்டர வித்துடுறேன் ஷர்மினி. பட்டது போதும்லா," என்றார் இவர்.

அப்பாடா, சனிக்கிழமை நமக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் எனக்கு ஒட்டவில்லை.

டின்னரன்று கேக் வெட்டிய பிறகுதான் பெரிய படக்காட்சி. அதுவரை சும்மா நிச்சயதார்த்தப் படங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழைய, எல்லாரும் எழுந்து கைபேசியைத் தூக்கினார்கள். மவுஸ் நின்றது. உட்கார்ந்தார்கள், ஓடியது. சாப்பாட்டு வரிசை திரைக்கு முன்னால் நீண்டது, மறுபடி நின்றது. எனக்குப் பொறி தட்டியது. வரிசை கரைந்ததும் நேரே போய், கணினி இருந்த குட்டை மேசைக்கு முன்னால் நின்று அவருக்குக் கையைக் காட்டினேன். அவர் அழுத்தினார். படம் அசையவில்லை. ஓரமாக நகர்ந்தேன். மாறியது. இப்படியொரு ஆராய்ச்சிக்கென்றே வளர்ந்த உடம்பு என்னுடையது.

அவர் ஓடிவந்தார். "அடிப்பாவி, நீயா மறைக்கிற?"

"நான் மட்டுமா? வந்திருக்கிற அத்தன பேரும் மறைக்கிறாங்க. காலி மண்டபத்துல டெஸ்ட் பண்ணா யாருங்க மறைப்பா?"

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மனித உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர், மவுஸின் சின்ன சிக்னலை அது குடித்துவிடும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது ஏது நேரம்? சிக்னலை வாங்கும் ரிசீவர், விரல்நுனி அளவு சாமான், கணினிக்குப் பின்னால் அலங்காரத் துணிக்குள் புதைந்து கிடந்தது. அதைப் பிடுங்கி ஒரு நீட்டு வயரில் மாட்டினார். எல்லார் தலைக்கும் மேலே, ஸ்பீக்கர் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றி, மத்தியானம் கடையில் தப்பாவ் கட்டி வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டால் கட்டினார். பிறகு மவுஸும் கையுமாகப் பின்பக்கப் படியில் ஏறி நின்றுகொண்டார்.

கேக் வெட்டினார்கள். விளக்கு அணைந்தது, பாட்டு தொடங்கியது. மண்டபமே எழுந்து நின்றது.

அழுத்தினார். மாறியது. இன்னொரு முறை. மாறியது! பல் விழுந்த வாயோடு தனுஜா பள்ளிச் சீருடையில் வந்தாள். சிரிப்பு அடங்கும்வரை அவளை நிறுத்திவைத்தார். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் வந்தபோது புவனேஸ்வரன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். அவர் துடைத்து மாட்டிய பிறகுதான் அடுத்த படம் வந்தது. எல்லாரும் தனுஜாவுக்குக் கைதட்டினார்கள். நான் என் புருஷனுக்குத் தட்டினேன், உள்ளங்கை சிவக்கச் சிவக்க.

அங்கிள் நேரே எங்களிடம் வந்தார். "தம்பி, அடுத்த மாசம் என் தங்கச்சி மகனுக்கு டின்னர். சனிக்கிழமதான். முடியாதுன்னு சொல்லக் கூடாதுலா."

இவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை ஆசை. என் சனிக்கிழமைகளை நானே தாரைவார்த்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வருவாரு அங்கிள்," என்றேன். "எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க."