யானை மேல் போட்ட பழி

மூணாறு பஸ் ஸ்டாண்டில் நான் பெட்டியோடு இறங்கிய அன்று நல்ல மழை. எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டதும், மாதா படம் ஒட்டிய ஜீப்பிலிருந்து ஒருவர் “ஏறிக்கிடுங்க தம்பி, அங்கனதான் போறேன்” என்றார். பள்ளிக்கூட கேட் வந்தது. வண்டி அதைக் கொஞ்சம் தாண்டி நின்றது. நாலடி பின்னால் எடுத்தால் போதும். அவர் எடுக்கவில்லை.

“ஏனுங்கண்ணா, கேட்டு பின்னால போயிருச்சுங்களே?”

“சும்மா இருங்க தம்பி, நனைஞ்சிருவிய.”

நேரே ஓட்டிப் போய், பேக்டரியைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, அதே ரோட்டுக்குத் திரும்பி வந்து, கேட்டுக்கு நேராக என்னை இறக்கிவிட்டார். முதலமடையில் மாந்தோப்புகளுக்கு மருந்தடிக்கப் போகிற என் அப்பாவிடம் இதை அன்றே போனில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கோயம்புத்தூரில் உளவியல் படித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆலோசகனாக இந்த மலைக்கு வந்திருந்தேன். “மொத நாளே இத்தன மருவாதியா? நல்ல ஊருதாஞ் சாமி” என்றார் அப்பா. நானும் அதை மரியாதை என்றுதான் நம்பினேன்.

அந்த டிரைவர்தான் சுவக்கீன். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கொழுந்து லாரியில் கிளீனராக ஏறி, டிரைவர்களிடம் திட்டு வாங்கியே வண்டி பழகியவர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஜீப் கைக்கு வந்த பிறகு வேறு வேலையைத் தேடவில்லை. எந்தப் பிள்ளை வளைவில் வாந்தி எடுக்கும், எது சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டு ஓடி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் மனைவி செபமாலையம்மாள் கொழுந்தெடுக்கப் போகிறவர்.

நான் வருவதற்கு முந்தின வருஷம் பனிமூட்டத்தில் ஒற்றை யானை ஒன்று அந்த ஜீப்புக்கு எதிரே வந்திருக்கிறது. உள்ளே பிள்ளைகள். சுவக்கீன் ரிவர்ஸ் எடுக்க, பின்சக்கரம் ரோட்டு விளிம்பைத் தாண்டிவிட்டது. வண்டியின் அடிப்பாகம் தேயிலைச் செடிகளில் மாட்டிக்கொண்டதால் உருளவில்லை. யானை அதன் பாட்டில் போய்விட்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதிலிருந்து ஊரில் அவருக்கு ‘ஆனைக்காரர்’ என்று பெயர்.

போன மே மாத மழையில், பள்ளி ஜீப் வழக்கமாகப் போகிற மேல்ரோட்டுச் சிறுபாலம் உடைந்தது. பள்ளி திறந்ததும் ஜீப் கீழ்ரோட்டில்தான் போக வேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிட்டார். கீழ்ரோடு ஒரு வண்டிக்குத்தான் காணும். எதிரே கொழுந்து டிராக்டர் ஏறி வந்தால், இறங்குகிற வண்டி பின்னால் போய் ஒதுங்க வேண்டும்.

“அங்கன ஆனை நடமாட்டம் சார், என்னால ஆகாது” என்றிருக்கிறார் சுவக்கீன்.

“ஆகாதுன்னா பள்ளி ஜீப்பைக் கொழுந்து லாரி டிரைவர் ஜின்சன் ஓட்டட்டும்” என்றிருக்கிறார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் செபமாலையம்மாள் என்னைத் தேடி வந்தார். “தம்பி, நீங்க மனசுக்குத்தான படிச்சிருக்கிய? அந்த ஜீப்பு போச்சுன்னா இவரு மொடங்கிப் போவாரு. ஒரு வழி சொல்லுங்க.”

சிகிச்சை செய்கிற தகுதி எனக்கு இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். கொடுத்த மாத்திரை தூக்கத்தைத் தந்தது. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை படித்தவன் ஒரு மனிதரின் பயத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

முதலில் பிராய்டு நினைவுக்கு வந்தார். குதிரைக்குப் பயந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதியவர் அவர். பையன் உண்மையில் பயந்தது அப்பாவுக்கு, அது குதிரை மேல் போய் ஏறிக்கொண்டது என்பது அவர் கணக்கு. நான் மெதுவாகக் கேட்டேன்: “அண்ணா, உங்கப்பாகிட்ட உங்களுக்குப் பயம் இருந்ததுங்களா?”

“எங்கப்பனுக்கும் ஆனைக்கும் என்ன தம்பி சம்பந்தம்? அவரு பொடிக்கட்டையா இருப்பாரு. கோழிக்குக்கூடப் பயப்படுவாரு.”

செபமாலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிராய்டை அங்கேயே விட்டேன்.

அடுத்து வாட்சன். வெள்ளெலியோடு விளையாடிய ஒரு குழந்தையின் பின்னால் இரும்புக் கம்பியைத் தட்டித் தட்டி, எலியைக் கண்டாலே அழும்படி செய்தவர். பயத்தைப் பழக்கலாம் என்று அவர் காட்டினார். அதைப் போக்கலாம் என்று காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண். முயலுக்குப் பயந்த ஒரு சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. யானைப் படம் காட்டினேன். போனில் பிளிறல் கேட்க வைத்தேன். சுவக்கீன் எல்லாவற்றையும் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “இது கொம்பன் இல்ல தம்பி, தந்தமில்லாத மோழை” என்று என்னைத் திருத்தவும் செய்தார். தைரியம் வந்து ஒருநாள் புல்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர்ச்சரிவில் குட்டியோடு நிஜ யானைக் கூட்டம். சுற்றுலாக்காரர்கள் காருக்குள் ஓடினார்கள். சுவக்கீன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கடலை தின்றார்.

அப்போது ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான். “சேட்டா, கொஞ்சம் பின்னால எடுங்க!”

கடலைப் பொட்டலம் கீழே விழுந்தது. சுவக்கீன் ஏறி உட்கார்ந்தார். கை கியரின் மேல் போனது, நகரவில்லை. கழுத்தெல்லாம் வேர்வை. கடைசியில் கார்க்காரனே திட்டிக்கொண்டு புல்லில் இறக்கி ஒதுக்கிப் போனான்.

கார் போன பிறகு அவரே சொன்னார்.

“ஆனைக்குப் பயம்னா எவனும் சிரிக்க மாட்டான் தம்பி. மந்திரிக்கும் பயம்தான். டிரைவருக்கு ரிவர்ஸ்னா பயம்னு சொல்லிப் பாருங்க. லைசென்ஸக் கொண்டுபோயி அடுப்புல போடுன்னுவான். பின்சக்கரம் எறங்குனப்ப பிள்ளைகள்லாம் சேந்து ஒரு சத்தம் போட்டுச்சுவ. கியரத் தொட்டா அந்தச் சத்தம் வருது.”

இந்த மலையில் எந்தப் பயத்துக்கும் யானையின் பெயரை வைத்துவிடுவார்கள். அவருக்கு அது வசதியாகப் போயிற்று. மழையில் என்னைக் கோயிலைச் சுற்றிக் கொண்டுவந்த மரியாதையின் காரணமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செபமாலையம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னோம். மறுபடியும் ஜோன்ஸின் வழி. சுவக்கீனுக்குப் பிடித்த சாப்பாடு அவித்த கப்பக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும். எஸ்டேட் பந்து மைதானத்தில், எஞ்சினை அணைத்துவிட்டு, ரிவர்ஸ் கியரில் கையை வைத்துக்கொண்டு கிழங்கு தின்றார். சில நாளில் எஞ்சின் ஓடியது. பிறகு வண்டி ஊர்ந்தது.

“ரிவர்ஸ் போட்டா கெழங்கு, பிரேக் போட்டா சட்னி. நல்ல வைத்தியந்தான்!” என்றார் செபமாலையம்மாள், பக்கத்து இருக்கையில் தட்டைப் பிடித்தபடி.

மைதானத்தில் நன்றாகப் போயிற்று. பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. எனக்கு அவசரம். கிழங்குத் தட்டோடு நேரே கீழ்ரோட்டுச் சரிவுக்குக் கூட்டிப்போனேன். ரிவர்ஸ் போட்டதும் சக்கரத்தடியில் சரளைக்கல் சறுக்கியது, ஒரு சாண்தான். சுவக்கீன் கதவைத் திறந்து இறங்கி, மேட்டு மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

மறுநாள் செபமாலையம்மாள் வந்தார். “தம்பி, இப்பக் கெழங்கப் பாத்தாலே அவருக்குக் கொமட்டுது. நேத்து சட்டியோட தூக்கி வெளிய வச்சிட்டாரு.”

ஜோன்ஸே எச்சரித்த விஷயம் அது. அவசரப்பட்டால் சாப்பாட்டின் சுகம் முயலுக்குப் போவதற்குப் பதில், முயலின் பயம் சாப்பாட்டுக்கு வந்துவிடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்று இரவு முழுக்கப் புரண்டேன். திங்கட்கிழமை அந்த மனிதர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வீம்புக்குக் கீழ்ரோட்டில் இறங்கிவிட்டால்?

விடிந்ததும் லயத்துக்கு ஓடினேன். அவர் வீட்டில் இல்லை. மேனேஜர் ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“சார், ஆனையெல்லாம் சும்மா சொன்னது. எனக்கு ரிவர்ஸ் வரல. பிள்ளைகள ஏத்திக்கிட்டு அந்த ரோட்டுல நான் இப்பப் போவ மாட்டேன். ஜின்சனே ஓட்டட்டும். எனக்கு ஏதாவது சரக்கு வண்டி குடுங்க.”

மேனேஜர் உர மூட்டை ஏற்றுகிற பழைய ஜீப்பைக் கொடுத்தார்.

டீக்கடையில் ஜின்சன் சும்மா இருக்கவில்லை. “நம்ம ஆனைக்காரரு இப்ப ரிவர்ஸ்காரரு ஆயிட்டாரு டோய்!”

“ஆமாடே. நீ முன்னால பாத்து ஓட்டு, பின்னால நான் பாத்துக்கிடுதேன்” என்றார் சுவக்கீன். கடை சிரித்தது. மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதில் அவர் தோளின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்ததை நான் கவனித்தேன்.

மறுபடி மைதானத்தில் தொடங்கினோம், கிழங்கு இல்லாமல். வோல்பி என்ற மனநல மருத்துவர் சொன்னபடி, குறைந்த பயத்திலிருந்து பெரிய பயம் வரை படிகளைச் சுவக்கீனே வகுத்தார். ஒரு படியில் மூச்சு சீராகாமல் அடுத்ததைத் தொடவில்லை. மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ஓணம் கழிந்து ஒருநாள், உர மூட்டைகளோடு கீழ்ரோட்டில் இறங்கும்போது டிராக்டர் எதிரே வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். என் கைதான் கதவைப் பிடித்துக்கொண்டது. அவர் வாய்க்குள் ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லிக்கொண்டு, ஒதுங்குமிடம் வரை பின்னால் ஏறினார். டிராக்டர்க்காரன் கையைத் தூக்கிவிட்டுக் கடந்தான். அதற்குப் பிறகும் ஸ்டியரிங்கை விட அவருக்கு நேரமாயிற்று.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மேனேஜர் பள்ளி ஜீப்பை அவர் கைக்கே திருப்பிக் கொடுத்தார். இப்போது அதைச் சுவக்கீன்தான் ஓட்டுகிறார். கீழ்ரோட்டில் எதிரே வண்டி வந்தால், பிள்ளைகளை எல்லாம் இறக்கி மேட்டுப்பக்கம் நிற்க வைத்துவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கிறார். மழை நாளில் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். கப்பக்கிழங்கு இன்னும் அவர் சாப்பிடுவதில்லை.