மிஷன் பங்களாவில் மொஸ்தார்தா

1. திரும்பி வந்த தட்டு

தட்டு போனபடியே திரும்பி வந்தது. கோழி ஸ்டூ, ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, எதிலும் கை பட்டிருக்கவில்லை. சமையல்காரனுக்கு இதைவிட அவமானம் வேறு கிடையாது. உப்பு கரிக்கிறது என்று திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், திட்டுகிறவர் ஒரு வாயாவது சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். தொடாமல் திரும்பி வரும் தட்டை என்ன செய்வது? இப்போது கேட்டரிங் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கும் இந்த நாள் ஒரு தடவையாவது வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணி மிஷன் பங்களாவில் நான் குக். பங்களா என்றதும் மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். மாதா கோவிலுக்குப் பின்னால் ஓடு போட்ட நாலு அறை, தள்ளி ஒரு கிச்சன், அவ்வளவுதான். இருந்தது இரண்டே பேர். ஒருவர் சாமி. பாதிரியாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். இத்தாலிக்காரர். வாலிபத்தில் கப்பலேறி வந்தவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. இன்னொருவன் கன்னியப்பன் ஆகிய நான், தெள்ளார்க்காரன். மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி மெஸ்ஸில் சேர்ந்து, வெள்ளைக்காரச் சமையல் கற்றுக்கொண்டு இங்கே வந்தவன்.

அவர் டேபிளில் தனியாகச் சாப்பிடுவார். நான் கிச்சனில் தனியாகச் சாப்பிடுவேன். சாயங்காலம் மட்டும் கிச்சன் வாசலுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "இன்னாடா கன்னியப்பா, நாளைக்கு மெனு இன்னா?" என்பார். தமிழ் அவருக்கு இந்த ஊரில் வந்த தமிழ்தான். நான் ஒன்று சொல்வேன், அவர் வேறு கேட்பார், சண்டை பிடிப்போம். நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசியது அந்தச் சண்டை ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார். போக இடம் இல்லாததால் அன்றைக்கும் பாத்திரம் தேய்ப்பேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சாமிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டது, ஆனால் வாய்க்கு ருசி தெரியாமல் போய்விட்டது. சாயங்காலம் ஸ்டூலுக்கும் வருவதில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"யோவ், பெரியவரு எலும்பும் தோலுமா கீறாரு. கிறிஸ்மஸுக்குள்ள தேறலன்னா அவங்க நாட்டு ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடுங்கன்னு மிஷனுக்கு எழுதிடுவேன். எதையாவது பண்ணி சாப்பிட வைய்யா."

உள்ளே போனால் சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். "கன்னியப்பா, நான் போவ மாட்டேன். அங்க என்னைத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?" என்றார்.

அவர் போய்விட்டால் எனக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் பேசுவதற்கு ஆள் கிடைக்குமா?

2. மருந்துக் கடையில் கேட்ட கடுகு

"எதைப் பண்ணா சாப்புடுவீங்க சாமி? அதையாவது சொல்லுங்க" என்று ஒரு நாள் எரிச்சலாகவே கேட்டுவிட்டேன். "மொஸ்தார்தா" என்றார்.

அது என்ன என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். பழங்களைச் சர்க்கரையில் ஊறப்போட்டு, அந்தப் பாகைத் தினமும் காய்ச்சிக் காய்ச்சிப் பழத்தின்மேல் ஊற்ற வேண்டும். பழம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடைசியில் கடுகின் காரம் சேர்ப்பார்கள். நாக்கில் இனிக்கும், மூக்கில் ஏறி அடிக்கும். கிறிஸ்மஸ் அன்று வெறுமனே வேகவைத்த கறியோடு சாப்பிடுவார்கள்.

"கடுகை எப்டி சேப்பாங்க?"

"அது எனக்குத் தெரியாது. மருந்துக் கடையிலேர்ந்து சின்ன குப்பி வரும். அதுல நாலு சொட்டு வுடுவாங்க. பசங்களைக் கிட்டவே சேக்க மாட்டாங்க."

நானும் பைத்தியக்காரன் மாதிரி பஜாரில் மருந்துக் கடைக்குப் போய், "கடுகு சொட்டு இருக்குங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கடுகு மளிகைக் கடையில கேளுய்யா. காலங்காத்தால பேஜார் பண்ணாத." பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பங்களா வரும்வரை எனக்குக் காது சுட்டது.

பழத்துக்குக் கஷ்டமில்லை. அவர் ஊரில் போடுகிற செர்ரிக்கும் அத்திக்கும் நான் எங்கே போவது? கிடைத்ததை எடுத்தேன். கல் மாதிரி நாட்டுப் பேரிக்காய், பழுக்காத பப்பாளி, வெள்ளைப் பூசணி, நார்த்தங்காய்த் தோல். பூசணியையும் பப்பாளியையும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசினேன். அப்போதுதான் பாகில் கரையாமல் நிற்கும். நார்த்தந்தோலை மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கசப்பை இறக்கினேன். எல்லாவற்றையும் சர்க்கரையோடு பீங்கான் ஜாடியில் அடுக்கி மூடினேன். மறுநாள் ஊறிய சிரப்பை மட்டும் வடித்துக் காய்ச்சித் திரும்ப ஊற்றினேன். பழத்தை அடுப்பில் வைக்கக் கூடாது, சிரப்பைத்தான் வைக்க வேண்டும். இப்படித் தினமும் செய்ததில் பேரிக்காய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தெரிகிற மாதிரி ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகுதான் சொதப்பினேன். கடுகு என்றதும் என் கை தானாகத் தாளிப்புக் கரண்டிக்குப் போய்விட்டது. எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் படபடவென்று பொரித்துப் பாகில் கொட்டினேன். பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதானே! சாமி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தான்டா கீது" என்று சொல்லி ஸ்பூனைக் கீழே வைத்தார். நல்லா இருக்கிறதைக் கீழே வைப்பானா மனுஷன்? மூக்கில் ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது.

3. நாகம்மா தும்மியது

இரண்டாவது ஜாடிக்குக் கடுகைப் பொரிக்கவில்லை. அம்மியில் தண்ணீர் விட்டு அரைத்து, கொதிக்கிற சிரப்பில் அப்படியே கொட்டினேன். கிச்சன் முழுக்கக் காட்டம். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். சரி, இந்தத் தடவை ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நாகம்மா வீடு. தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். புருஷன் உள்ளே தறியில் இருப்பார், அந்தம்மா வெளியில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் நீளம். தும்மிக்கொண்டே சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"யோவ் கன்னியப்பா, இன்னாய்யா கொளுத்திகினு கீற? எங்க வூட்டுக்காரரு தும்மித் தும்மி தறி நாடாவையே கீழ வுட்டுட்டாரு!"

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"காரமெல்லாம் எங்க மூக்குக்குள்ள வந்துடுச்சி, பாகுல இன்னா மீதி இருக்கும்? நக்கிப் பாரு."

நக்கிப் பார்த்தேன். லேசாகக் கசந்தது. காரம் சுத்தமாக இல்லை.

"எங்க வூட்ல ஆவக்காய் ஊறுகா போடறதப் பாத்ததே இல்லியா நீ? கடுகை அடுப்பு கிட்டயே கொண்டார மாட்டோம். பச்சையா இடிச்சி அப்டியே போடுவோம். சூடு பட்டா பூடும்யா. உங்களுக்குக் கடுகுன்னா வெடிச்சே ஆவணும், இல்ல கொதிச்சே ஆவணும்!"

சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளும் இருந்த விஷயத்துக்கு நான் மருந்துக் கடை வரைக்கும் போய்ச் சிரிப்புக்கு ஆளாகி வந்தேன்!

மூன்றாவது ஜாடிதான் சரியாக வந்தது. முறையைச் சொல்லிவிடுகிறேன், வீட்டிலேயே செய்யலாம். சிரப்பைக் கம்பிப் பதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிக்கொள்ளுங்கள், கடுகுத் தண்ணீர் சேர்ந்தால் இளகும். சிரப் முழுக்க ஆறட்டும். வெதுவெதுப்புகூட இருக்கக் கூடாது. பச்சைக் கடுகைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்து, மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அரைத்ததும் காரம் வராது, சும்மா இருக்கும்போதுதான் ஏறும். பிறகு துணியில் வடித்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கலந்து, சிரப்பில் சேர்த்துப் பழத்தின்மேல் ஊற்றி இறுக மூடுங்கள். முதல் நாள் கசக்கும். பயப்பட வேண்டாம், இரண்டொரு நாளில் அடங்கிவிடும். திறக்கும்போது முகத்தை ஜாடிக்கு நேராக வைக்காதீர்கள்.

4. கிறிஸ்மஸ் மதியம்

கோழியை உப்பும் வெங்காயமும் மட்டும் போட்டு வேகவைத்தேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மொஸ்தார்தா. கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வராமல் கதவோரமே நின்றேன்.

சாமி ஒரு பேரிக்காய்த் துண்டை வாயில் போட்டார். மென்றார். திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பயந்துபோய் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையை ஆட்டித் தடுத்தார். இத்தாலியப் பாஷையில் என்னமோ சொன்னார். அத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் அந்தப் பாஷையில் பேசியதே இல்லை.

"இதான்டா. இதேதான்!" என்றார். கோழியும் தீர்ந்தது, கிண்ணமும் தீர்ந்தது. விரலால் கிண்ணத்தை வழித்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு கிச்சனுக்கு வந்து நான் குதிக்காத குறைதான்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. முதலில் மொஸ்தார்தாவோடு, பிறகு அது இல்லாமலும். டாக்டர் வந்து, "கெட்டிக்காரன்யா நீ! இனி எழுத வேணாம்" என்று முதுகில் தட்டினார். ஒரு சாயங்காலம் ஸ்டூலும் வாசலுக்கு வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

உட்கார்ந்தவர் மெனு கேட்கவில்லை.

"கன்னியப்பா, நான் ஊருக்குப் போறேன்டா."

"டாக்டர்தான் வேணாம்னு சொல்லிட்டாரே சாமி."

"டாக்டர் சொல்லி இல்ல. நானே மிஷனுக்குச் சொல்லிட்டேன். ஊரை மறந்து பூட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன். வாய் மறக்கல. அன்னிக்கு சாப்ட்டதுலேர்ந்து எங்க தெரு, எங்க ஆறு, எல்லாம் கண்ணுல நிக்குது. இப்பதான் ஒடம்புல தெம்பும் கீது, ஊர் போயி சேந்துடுவேன்."

"நான் செஞ்சதுல எதுனா கொறைங்களா?"

"ஒரு கொறையும் இல்லடா. அதான்."

"இருந்துடுங்க சாமி" என்றேன். அதற்குமுன் அவரிடம் எனக்கென்று எதையும் நான் கேட்டதில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து மிஷன் கார் வந்தது. ஜாடியின் அடியில் இருந்ததில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, கொதிநீரில் கழுவிக் காயவைத்த ஜாம் பாட்டிலில் போட்டு, மெழுகு ஊற்றி சீல் செய்து வைத்திருந்தேன். காரில் ஏறியவரிடம் நீட்டினேன்.

சாமி வாங்கிப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு பிரியமாகச் சிரித்தார் என்று எனக்கு இன்னும் தெரியும். "எதுக்குடா இதைப் போயி செமந்துகினு? அங்க எல்லாக் கடையிலயும் கெடைக்குமே" என்று திருப்பிக் கொடுத்தார். கார் போய்விட்டது.

கொஞ்ச நாள் கோபமாக இருந்தது. மெனக்கெட்டு வழியனுப்பி வைத்தவனே நான்தான் என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது. புதிதாக வந்த சாமியார் நல்லவர்தான், வைத்ததைச் சாப்பிடுவார், பேச மாட்டார். பிறகு சென்னையில் பெரிய ஹோட்டல் கிச்சன்களில் எத்தனையோ வருஷம் வேலை பார்த்தேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒருவரைச் சாப்பிட வைப்பதுதான் நம் வேலை, கூடவே இருத்தி வைப்பது நம் வேலையில் சேராது. அது தெரியாமல் நான் சமைத்தது அந்த ஒரு வருஷம்தான். அந்த வருஷம் சமைத்ததுபோல அதற்குப் பிறகு ஒரு நாளும் சமைக்கவில்லை.