வரிக்குதிரையை அடித்துக் கொன்ற தெரு

அஞ்சலாட்சியின் வாசலில் நிற்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது பூக்குமா?" என்பதுதான். பூக்காது என்பாள். "காய்க்குமா?" காய்க்காது. "மருந்துக்காவது ஆவுமா?" எதுக்கும் ஆவாது. "அப்புறம் எதுக்கும்மா இத்தனை தொட்டி?"

"பாக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு, கேட்டவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

சாரம் என்கிற பேட்டையில், மூடியில்லாத சாக்கடை ஓடுகிற ஒரு சந்தின் கடைசி வீடு. கீழே அஞ்சலாட்சியும் அவள் புருஷன் கோவிந்தராசுவும் குடியிருந்தார்கள். மாடியில் வீட்டுக்காரர் புருஷோத்தமன். வாசலிலிருந்து மாடிப்படி வரை, சுவர் ஓரம், சுவர் மேல், ஜன்னல் கம்பியில் என்று நூற்றுப் பதினேழு தொட்டிகள். தொட்டி என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். பாதிக்கு மேல் பெயிண்ட் வாளி. ஒன்று உடைந்த வாஷ்பேசின்.

முதலில் அவளும் பூச்செடிதான் வைத்தாள். நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ. விடிகாலையில் எழுந்து வந்து பார்த்தால் காம்பு மட்டும் இருக்கும். பிளாஸ்டிக் பையும் கொக்கிக் குச்சியுமாக வாக்கிங் போகிறவர்கள் "சாமிக்குத்தானே" என்று அடுத்த வீட்டுப் பூவைப் பறிப்பது இந்த ஊரில் திருட்டுக் கணக்கில் வராது. ஒருநாள் நாலரை மணிக்கே எழுந்து கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கையைப் பிடித்தாள். பிடித்தது புருஷோத்தமனின் கை.

"என் வூட்டுப் பூவம்மா இது" என்றார் அவர்.

"வூடு உங்களுது சார். செடி என்னுது."

அந்த வாரமே பூச்செடிகளை எல்லாம் பிடுங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். இலையை எவன் பறிப்பான்?

கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரம்மா நடத்தும் விடுதியில் பத்தொன்பது வருடமாக அறை துடைக்கிறாள். அங்கே முற்றத்தில் செடி கத்தரிக்கும் நாட்களில் குப்பைக் கூடைக்குப் போகிற துண்டுகளை ஈரக் காகிதத்தில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்து வருவாள். கேட்டுத்தான் எடுப்பாள். விடுதிக்கார அம்மா, மதாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வாள். ஒன்றும் வாயில் நுழையாது. அஞ்சலாட்சி தானே பெயர் வைத்தாள். சாயங்காலமானால் இலைகளைச் சேர்த்து நிமிர்த்திக்கொள்கிற மயில்தோகைச் செடி கும்பிடுறவன். கறுத்த இலையில் வெள்ளை நரம்பு எலும்பு மாதிரி தெரிகிறது எக்ஸ்ரே. வெற்றிலை அளவு இலை முழுவதும் குங்குமத்தைக் கொட்டியது போலிருந்து, குளிர்காலத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்வது கும்பகர்ணன். தின்றால் நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுபோகும் என்று மதாம் சொன்ன புள்ளி இலைச் செடி ஊமையன். எதிர்வீட்டுச் சரிதாவின் குழந்தை தவழ ஆரம்பித்த அன்றே ஊமையனைத் தூக்கிச் சுவர் மேல் வைத்துவிட்டாள்.

சாரத்துத் தண்ணீர் உப்பு. ஊற்றினால் கும்பிடுறவனுக்கு இலை ஓரம் கருகும். அதனால் விடுதியின் ஏசிகளிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டில் பிடித்து டெம்போவில் எடுத்து வருவாள்.

"இன்னாக்கா, ரெண்டு கையிலயும் சரக்கா?" என்பான் டெம்போக்காரன்.

"ஏசி அழுத தண்ணிடா. குடிக்கிறியா?"

அவள் செல்லம் வரிக்குதிரை. அம்பு முனை மாதிரி இலை. அது ஒன்றும் பிரமாதமில்லை. தண்டுதான் அதிசயம். வெளிர்மஞ்சளில் கறுப்பு வரி வரியாக, இரண்டு முழ உயரத்துக்கு, யாரோ உட்கார்ந்து தூரிகையால் போட்டது போல் இருக்கும். இரண்டு முறை அழுகி, மூன்றாவது முறைதான் பிழைத்தது. கடைசியாக அதன் அடி இலை ஒன்று பழுத்தபோது, அவள் வழக்கம்போல் தண்டோடு அறுத்து, இலையைக் கிள்ளிப்போட்டுவிட்டு, தண்டை எருவுக்காகச் சாக்கடையோரம் குவித்து வைத்திருந்த சருகில் எறிந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. சரிதா பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். ஓரத்துச் சருகையும் அது இழுத்துக்கொண்டு ஓடியது. போனில் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தால், வரி வரியாக ஒன்று நெளிந்து போகிறது. அவள் போட்ட சத்தத்தில் சந்தே வெளியே வந்தது.

கோவிந்தராசு ஒரு காலத்தில் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை மூடிய பிறகு ஏடிஎம் காவலுக்குப் போகிறார். அப்போதுதான் காக்கிச் சட்டையைப் போட்டு, தடியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். முதல் அடி அவருடையது.

"தலையில அடிய்யா!" என்று மாடியிலிருந்து கத்தினார் புருஷோத்தமன்.

"தல எந்தப் பக்கம் சார்?"

"ஆடுற பக்கம்!"

"ரெண்டு பக்கமும் ஆடுதே!"

இரண்டு பக்கமும் அடித்தார்கள். ஆறு பேர், ஆறு கட்டை. அசையாமல் போன பிறகு, நீளக் குச்சியால் தள்ளித் தள்ளி அடுத்த காலிமனை ஓரம் கொண்டுபோனார்கள். அடித்த பாவம் போக வேண்டுமே. பால் பாக்கெட் ஒன்றைப் பிரித்து ஊற்றினார்கள். ஒரு ரூபாய்க் காசு போட்டார்கள். சூடம் வைத்துக் கொளுத்தினார்கள். "இன்னாயா இது, பத்தவே மாட்டேங்குது" என்றார் ஒருவர். "விஷ ஜந்து, அப்படித்தான்" என்றார் புருஷோத்தமன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தெரு வாட்ஸப் குழுவில் எழுதினார்: நமது சந்தில் மூன்றடி விரியன் அடிக்கப்பட்டது. அனைவரும் கவனம். நாற்பத்தாறு பேர் கும்பிட்டிருந்தார்கள். பாரீசில் இருக்கும் மகளுக்கும் போன் போட்டுச் சொன்னார்.

ஏழு மணிக்கு இரண்டு கேன்களோடு அஞ்சலாட்சி சந்துக்குள் நுழைந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது.

"இந்தக் காட்டாலதான் பாம்பு வருது. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தத் தொட்டி எல்லாம் போவணும். இல்லன்னா நீங்க போவணும்" என்றார் புருஷோத்தமன்.

அவள் கேனைக் கீழே வைக்கவில்லை. "யாரு அடிச்சது?"

"உன் வூட்டுக்காரர்தான் மொதல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோவிந்தராசு அதற்குள் டியூட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை காலிமனைக்குப் போனாள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த சீமைக்கருவேல முள்ளுக்கு ஓரத்தில், பால் காய்ந்து, எறும்பு மொய்த்து, பாதி கருகி அது கிடந்தது. உட்கார்ந்து பார்த்தாள். ஒரு முனை சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. அது அவள் கத்தியின் வெட்டு. கையில் எடுத்து நசுக்கினாள். உள்ளே வெள்ளைப் பஞ்சு.

எழுந்தபோது சிரிப்புதான் வந்தது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அது கோபமாகிவிட்டது. வரிக்குதிரையின் வாளியையும் எவனோ உதைத்துச் சாய்த்திருந்தான். கிழங்கு வெளியே தெரிய அது கிடந்தது.

வாளியை நிமிர்த்தி மண்ணைப் போட்டுவிட்டு, தண்டை ஒரு செய்தித்தாளில் வைத்து மாடிக்கு எடுத்துப் போனாள்.

"உங்க பாம்புக்கு ரத்தம் வந்துச்சா சார்?"

புருஷோத்தமன் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். ஆனால் நாற்பத்தாறு பேர் கும்பிட்ட விஷயத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

"இது வேற, அது வேற. நான் என் கண்ணால பாத்தேன். படம் எடுத்துச்சு."

"விரியன் படம் எடுக்குமா சார்?"

"ஞாயித்துக்கிழம" என்று கதவைச் சாத்தினார்.

அந்த வாரம் தெருத் தெருவாக அலைந்தாள். நான்கு இடத்தில் வீடு கேட்டாள். தொட்டி எத்தனை என்று சொன்னதும் நான்கு பேரும் சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள். கோவிந்தராசு கீழே பார்த்துக்கொண்டே பேசினார்: "பாதியக் குடுத்துடலாம்டி. வயசான காலத்துல வூடு தேடி அலைய முடியுமா?"

"எந்தப் பாதியக் குடுக்கட்டும்? நீயே சொல்லு. தண்டுக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆளு."

"எல்லாரும் கத்துனாங்க, அடிச்சேன்."

"அதான்யா. எல்லாரும் கத்துனா அடிப்ப."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் புருஷோத்தமன் கூப்பிட்ட ஒரு குட்டியானை லோடு வண்டி சந்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. அஞ்சலாட்சி குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் வண்டிக்காரர் நான்கு தொட்டிகளை ஏற்றிவிட்டார். கும்பிடுறவன் அதில் ஒன்று. தெரு முழுக்க வாசலில் நின்றது.

அவள் கத்தவில்லை. வண்டிக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"சார், கீழ வாங்க."

புருஷோத்தமன் கடைசிப் படி வரை வந்தார்.

"எந்தத் தொட்டியில பாம்பு இருக்குதுன்னு கைய விட்டுக் காட்டுங்க. காட்டுற தொட்டிய நானே தூக்கி வண்டியில வெக்கிறேன். எல்லாத்துலயும் இருக்குதுன்னா எல்லாத்துலயும் விடுங்க. எனக்கு இன்னிக்கு லீவுதான்."

"நான் எதுக்குமா கைய விடணும்?"

"நான் தெனம் விடுறேனே." குனிந்து எக்ஸ்ரேயின் அடியில் முழங்கை வரை விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. எடுத்த கையை ஒவ்வொரு தடவையும் அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். மண். வெறும் மண்.

கோவிந்தராசுவுக்கு என்ன தோன்றியதோ, ராத்திரி டியூட்டி முடிந்து வந்த காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னால் வந்து, இருப்பதிலேயே அடர்ந்த வாஷ்பேசினுக்குள் கையை விட்டார்.

"ஐயோ!"

சந்து இரண்டாகப் பிரிந்து ஓடியது. புருஷோத்தமன் ஆறு படி ஏறிவிட்டார். வண்டிக்காரர் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வாஷ்பேசினிலிருந்து ஒரு தேரை குதித்து, யாரையும் பொருட்படுத்தாமல் சாக்கடைப் பக்கம் போனது.

முதலில் சிரித்தது வண்டிக்காரர்தான். பிறகு எல்லோரும். சரிதா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்: "தேரை இருந்தா அதத் தின்ன பாம்பு வராதாக்கா? எனக்கு பயமா இருக்குது. எம் புள்ள தவழ்ற எடம்."

அஞ்சலாட்சிக்கு அவள்மேல் கோபமில்லை. கேட்டது நியாயம்.

"வரும். வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. வந்தா மொதல்ல என் கையிலதான் கடிக்கும். ஆனா எங்கேருந்து வரும்னு பாரு." ஈரக் கையைக் காலிமனையை நோக்கி நீட்டினாள். "அந்த முள்ளுக்குள்ள ஏழு வருஷமா மனுசக் கை பட்டிருக்குமா? எலி ஓடுது, கோழிக் கழிவு கொட்டுறாங்க. அது யாரு மனை?"

எல்லோருக்கும் தெரியும். மகளுக்கென்று புருஷோத்தமன் வாங்கிப் போட்ட மனை. சரிதா மெதுவாகத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள்.

"சார், அத எப்ப வெட்டப் போறீங்க?"

"அது... ஆளு கெடைக்கல..."

"இந்தத் தொட்டியத் தூக்க மட்டும் ஆளு கெடைச்சுதே" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

புருஷோத்தமன் குரலை உயர்த்தினார். "இருந்தாலும் இது என் வூடு!"

"ஆமா சார், உங்க வூடு. காலி பண்ணுன்னா பண்றேன்." அஞ்சலாட்சி கைமண்ணைப் புடவையில் துடைத்தாள். "ஆனா பாம்புன்னு சொல்லி என்னைத் தொரத்தாதீங்க. ஒரு தண்டுக்குப் பால் ஊத்திட்டோம், அத ஒத்துக்க வெக்கமா இருக்குது, அதனால போன்னு சொல்லுங்க. இத்தன பேரு முன்னால சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள போயிடறேன். இல்லன்னா நூத்திப் பதினேழும் இங்கதான் இருக்கும். அடுத்த மாசம் நூத்தி இருவதாவும்."

புருஷோத்தமன் வாயைத் திறந்தார். சரிதாவைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சார்" என்றார் வண்டிக்காரர் ஜன்னல் வழியாக, "வண்டி வந்தது வந்துடுச்சி. முள்ளையாவது வெட்டி ஏத்திக்கட்டுமா?"

இந்த முறை சரிதாவும் சிரித்துவிட்டாள். "வெட்டுங்கண்ணா. சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

வண்டிக்காரர் அரிவாளைத் தேட ஆரம்பித்தார். கோவிந்தராசு வண்டியிலிருந்த தொட்டிகளை இறக்கப் போனார். அஞ்சலாட்சி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"நீ விடுய்யா. ஏத்தச் சொன்னவங்க எறக்கட்டும்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெருவும் நின்றது. புருஷோத்தமன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். முதல் தொட்டியை உடம்பில் படாமல், இரண்டு கையையும் நீட்டிப் பிடித்து, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு இறக்கினார். இரண்டாவதை. மூன்றாவதை. கடைசியில் கும்பிடுறவனைத் தூக்கிக்கொண்டு வந்து சுவர் ஓரம் வைத்தார்.

"அங்க இல்ல சார், வெயில் அடிக்கும். இப்படி நிழலுக்கு வாங்க" என்றாள் அஞ்சலாட்சி. "இன்னும் கொஞ்சம். ஆங். இப்ப அந்த இலையத் தெருப் பக்கமாத் திருப்பி வைங்க. போறவங்க வர்றவங்க பாக்கணும்."