நாலு நாள் என்று சொன்ன சுழியோடி

அன்று புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்குக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்குச் சற்று முன்பு பியூன் ஒரு துண்டுக் கடதாசியை என் கையில் வைத்தார். ‘உங்கள் வீட்டுக் கிணற்றில் ஓர் ஆளுக்கு ஆபத்து, உடனே வரவும்’ என்று இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்ன செய்தி. எனக்கு முதலில் நினைவு வந்தது என் மகள்தான். வாடகைக் காரில் போகும் வழியெல்லாம் அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் அழுதுகொண்டு நிற்பதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். கிணற்றடியில், ஈரச் சாக்கின் மேல், கிணறு இறைக்க வந்திருந்த அந்தோனியைக் கிடத்தியிருந்தார்கள்.

நாளை கொட்டாஞ்சேனைக் கோவிலில் அவருக்கு முப்பதாம் நாள் பூசை. இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள். பித்தளைத் தொப்பியும் ஈயச் சப்பாத்தும் போட்டு, இருபது வருஷத்துக்கு மேல் கடலடியில் நடந்த மனிதர் முப்பதடிக் கிணற்றில் போனார் என்பதை நீங்கள் நம்ப மறுத்தீர்கள். சடலத்தின் பக்கத்தில் நின்ற எனக்கே அது இன்னும் நம்பமுடியாமல் இருக்கிறது.

நான் அவரை அறிந்தது ஒரு படகு வழக்கில். அவர் வேலை செய்த சுழியோடும் படகு அலைதாங்கிச் சுவருக்கு அருகே மூழ்கியது. அந்தோனி அப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தார். படகுக்குள் தண்ணீர் ஏறுவதைக் கண்டும், அவருக்குக் காற்று அனுப்பும் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்த இருவரும் கையை எடுக்கவில்லை. மற்றவர்கள் அவரை மேலே இழுத்துப் பக்கத்தில் நின்ற, சரக்கு ஏற்றும் பாதைப் படகில் போட்ட பிறகுதான் அந்த இருவரும் கடலில் குதித்தார்கள். அதற்குள் படகில் தண்ணீர் அவர்கள் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.

மூழ்கிய படகை ஒரு மீட்புக் கம்பனி தூக்கிக் கொடுத்தது. அந்த இடத்தை நன்றாக அறிந்தவர் என்று அதற்கும் அந்தோனியையே கூலிக்கு அமர்த்தினார்கள். பிறகு கம்பனி பதினான்கு நாள் வேலை என்று செலவுக் கணக்கு அனுப்பியது. படகு முதலாளி ஒரு சதமும் தரமாட்டேன் என்றார். கம்பனியின் இழுவைக் கப்பல் கிளப்பிய அலையால்தான் தன் படகு மூழ்கியது, ஆகவே அவர்கள்தான் தனக்கு நட்டஈடு தரவேண்டும் என்பது அவருடைய கட்சி. கம்பனியோ, படகு உளுத்துப்போயிருந்தது என்றது. அதற்கு அவர்களிடம் சாட்சி இல்லை.

முதலாளியின் பக்கத்துச் சாட்சியாக அந்தோனி கூண்டில் ஏறினார். வெள்ளைச் சாரமும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எத்தனை நாள் வேலை நடந்தது என்று முதலாளியின் அட்வகேட் கேட்டார். நாலு நாள் என்றார் அந்தோனி. மற்ற நாட்களில் சங்கிலி வரும்வரை எல்லோரும் சும்மா இருந்ததாகச் சொன்னார். அட்வகேட் சிரித்தபடி உட்கார்ந்தார். கம்பனியின் அட்வகேட் அந்த நாலு நாளை அசைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். சாட்சி இறங்கலாம் என்றார் நீதிபதி.

அந்தோனி இறங்கவில்லை. இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது என்றார். படகின் இடப்பக்கத்துப் பலகை ஒரு மாதமாகவே வெடிப்பு விட்டுக் கிடந்ததாகவும், தாரும் பழந்துணியும் வைத்துத் தானே அடைத்ததாகவும், முதலாளியிடம் சொன்னபோது இந்த வேலை முடியட்டும், பார்ப்போம் என்றதாகவும் சொன்னார். கடைசியில், “தெரிஞ்சுக்கிட்டேதான் பம்பு சுத்தின அந்த ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போனேன். எம்மேலயும் குத்தம் இருக்கு” என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வேலை போய்விடுமே என்று நினைத்தேன். பலகை பழுதாக இருந்ததைத் தானும் கவனித்ததாகச் சாட்சி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் மென்மையாக்கிச் சொல்லி வைத்தேன். துறைமுகத்தில் வெள்ளைக்காரரோடு பழகிய அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும் என்று எனக்குத் தெரியாது.

“ஐயா, நான் அப்பிடிச் சொல்லல்ல” என்றார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். அத்தனை வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக என் மொழிபெயர்ப்பைத் திருத்திச் சொன்னேன்.

தீர்ப்பில் கம்பனிக்கு நாலு நாள் செலவு மட்டும் கிடைத்தது. முதலாளி அதைக் கட்டவேண்டியதாயிற்று. அவர் கேட்ட நட்டஈடு தள்ளுபடியானது. இரண்டு பக்கத்தாருக்கும் அந்தோனி ஆகாதவரானார். துறைமுகத்தில் யாரும் அவரை மறுபடி இறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, வெள்ளவத்தை வீடுகளில் கிணறு இறைத்துச் சேறு அள்ளும் வேலைக்கு அவர் வருவதைக் கண்டேன். ஒருநாள் தேநீர் கொடுத்து, அன்று கூண்டில் பேசாமல் இறங்கியிருக்கலாமே என்று கேட்டேன். “அவங்க ரெண்டு பேரும் பம்புல இருந்து கைய எடுக்கல்லையே ஐயா” என்றார்.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். கிணற்று நீர் நாற்றமெடுத்திருந்தது. மறுநாள் காலை யாழ்ப்பாண மெயில் ரயிலில் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தோனி இரண்டு ஆட்களோடு விடியவே வந்துவிட்டார். மூடியிருந்த பலகைகளை எடுத்துவிட்டுக் குனிந்து மணம் பார்த்தார்.

“ரொம்ப நாளா மூடிக் கெடந்திருக்கு ஐயா. இன்னைக்குத் தொறந்து போட்டுட்டு நாளைக்கு எறங்குறேன்.”

“நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம், அந்தோனி. இண்டைக்கே முடிச்சுத் தர ஏலாதோ?”

அவர் மறுபடியும் ஒருமுறை கிணற்றுக்குள் பார்த்தார். “சரிங்க ஐயா” என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு கோட்டை ரயிலுக்கு நடந்தேன். தண்ணீரை இறைத்து முடித்து, அவர் இறங்கிச் சேற்றைக் கிளறியதும் நச்சுக் காற்று கிளம்பியிருக்கிறது. மேலே நின்றவர்கள் கயிற்றை இழுத்தபோது அவரிடம் அசைவே இல்லையாம்.

மரண விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: அவர் தன் விருப்பத்தோடுதான் வேலைக்கு வந்தாரா? ஓம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் ஒரு நாள் பொறுக்கச் சொன்னதையும், நான் அவசரப்படுத்தியதையும் சொன்னேன். பின்வரிசை வாங்கில் இருந்த அவருடைய மனைவி மரியம்மாவுக்கு விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னேன். விசாரணை அதிகாரி விபத்து என்று எழுதினார். என்னை எவரும் குற்றம் சொல்லவில்லை.

வெளியே மரியம்மா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அன்னைக்கு எறங்க வேணாம்னு சொன்னாருங்களா ஐயா?”

“ஓம், அம்மா. சொன்னவர்.”

“குடிச்சிட்டு எறங்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்றாங்க.”

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஊரில் அப்படி ஒரு கதை உலாவுவது எனக்கு அதுவரை தெரியாது. உங்களில் யாராவது அதைக் கேட்டிருந்தால், அது பொய் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் சாட்சி பேசி முடித்த பிறகும் நான் உடனே வாய் திறப்பதில்லை. அவருக்கு இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அட்வகேட்மார் பொறுமையிழக்கிறார்கள். அந்தோனியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சிறு தாமதம்தான். அவர் கேட்டது ஒரு நாள். அதை நான் கொடுக்கவில்லை.