பாதி முகத்துச் சோப்பு

கத்தியைக் கையில் எடுத்தால் வாயையும் சேர்த்துத் திறந்துவிடுவார் என்பதால் அவருக்கு வாய்க்கத்தி என்று பேர். வைத்தவர்கள் கேலிக்கு வைத்தார்கள்; அவர் விருதாக வாங்கிக்கொண்டார். பேச்சில்லாத சவரக்கடை ஆஸ்பத்திரிக்குச் சமம் என்பது அவர் கட்சி. அப்படிப் பார்த்தால் அதே கடையின் உள்நாற்காலி ஆஸ்பத்திரிதான். அங்கே வேலை செய்பவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ‘நிமிருங்க’, ‘திரும்புங்க’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வாழ்க்கையை ஓட்டிவிட்ட மனிதர்.

கடைக்கு நேர் எதிரே மாடியில் பூட்டிக் கிடக்கிறது ஒரு போட்டோ ஸ்டூடியோ. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் அதன் முதலாளியை யாரோ மண்டையில் அடித்துக் கொன்றுபோட்டார்கள். கேமரா நிறுத்தும் முக்காலி பக்கத்தில் ரத்தத்தோடு கிடந்தது. போலீஸ் அவருடைய கூட்டாளியைப் பிடித்து விசாரித்தது, மைத்துனனைப் பிடித்து விசாரித்தது, கீழ்க்கடைக்காரனையும் பிடித்து விசாரித்தது; எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டது. யாரென்று தெரியவே இல்லை. தெரியாமல் போனதால் தெருவுக்கு நல்ல வசதி. யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். ஒருவன் வீட்டுக்கு வெள்ளையடித்தால்கூட, ‘இவனுக்கு அப்பவே ஸ்டூடியோக்காரரோட கொடுக்கல் வாங்கல் இருந்ததாமே’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தச் சந்தேகம் அத்தனைக்கும் தலைமை அலுவலகம் வாய்க்கத்தியின் நாற்காலி. கொலையைக் கண்ணால் பார்த்தவர் மாதிரி சொல்வார். உண்மையில் அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. மாமா கடையில் கிராப்பு வெட்டப் பழகிக்கொண்டிருந்தார். கடையில் இருந்தவர்கள் அண்ணனும், இப்போது உயிரோடில்லாத அப்பாவும்தான். அதனால் என்ன? கதை சொல்கிறவனுக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று சட்டமா?

அவர் அதைச் சொல்லும் விதமே தனி. சோப்பு நுரையை இரண்டு கன்னத்திலும் அப்புவார். வலது கன்னத்தை வழித்து முடிக்கிற வரைக்கும் ஸ்டூடியோக்காரரின் குணம், பகை, பணம் எல்லாம் ஓடும். இடது கன்னத்தில் கத்தியை வைக்கப் போகிற நேரம் கையை அப்படியே நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் காட்டுவார். “பாத்துக்குங்க. அந்தாளும் இதே கோலத்துலதான் கிடந்தாரு. ஒரு பக்கம் மழமழன்னு, ஒரு பக்கம் சோப்போட.” நாற்காலியில் இருப்பவனுக்குத் தன் முகத்தைப் பார்த்தே குலை நடுங்கும். பாதியில் எழுந்து ஓடவும் வழியில்லையே. இதற்காகவே பக்கத்துத் தெருவிலிருந்து வந்து சவரம் செய்துகொண்டவர்கள் உண்டு.

போன மாதம் ஒரு வெளியூர்க்காரர் வந்தார். வாய்க்கத்தி வழக்கம்போல விஸ்தாரமாகச் சொன்னார், கன்னத்தில் கத்தியை நிறுத்தினார். அந்த மனிதர் நடுங்கவில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரியாகிவிட்டது. மறுநாள் காலையில் அவர் இருந்த இடத்தில் அவருடைய மனைவி வந்து நின்றார். சலூனுக்குள் பெண்பிள்ளை ஏறி வந்தால் யாருக்குமே கை ஓடாது. காத்திருந்த இரண்டு பேரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பிறகு வருகிறோம் என்று நழுவினார்கள். அண்ணன் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போய்விட்டார்.

ஸ்டூடியோக்காரரின் மகள் அவர். அப்பா செத்தபோது சின்னப்பிள்ளை. அந்த மாதமே அம்மாவோடு ஊரைவிட்டுப் போனவர், மாடியை விற்க இப்போதுதான் திரும்பியிருக்கிறார். சத்தம் போடவில்லை. அதுதான் வாய்க்கத்தியைப் பயமுறுத்தியது.

“அண்ணே, எங்கப்பா முகத்துல சோப்பு இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வாய்க்கத்தி சிரித்து மழுப்பினார். கதைக்கு ஒரு சுவை வேண்டாமா, சும்மா சேர்த்துக்கொண்டது என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அன்றைக்கு அப்பாவுக்குக் கையில் சுளுக்கு, அதனால் யாரையோ வரவழைத்துச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். அம்மாவும் தானும் கடைவீதியிலிருந்து வந்து பார்த்தபோது பாதி முகத்தில் சோப்பு காய்ந்து கிடந்தது. புருஷன் அலங்கோலமாகக் கிடக்கிறாரே, நாலு பேர் வந்து பார்ப்பார்களே என்று அம்மா புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். பிறகுதான் கூச்சல் போட்டாள். போலீஸ் வந்தபோது சோப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. துடைத்தது தப்பு என்று தெரிந்த பிறகு பயத்தில் கடைசி வரைக்கும் யாரிடமும் மூச்சு விடவில்லை. இதையெல்லாம் அந்தப் பெண் மனப்பாடம் ஒப்பிப்பது மாதிரிச் சொல்லி முடித்தார்.

“எங்கம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவதா, அந்தச் சோப்பைப் போட்டவனுக்குத்தான் தெரியும். உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு யோசிச்சு வைங்க. நாளைக்கு வருவேன். சொல்லலேன்னா நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன்.”

அந்தச் சோப்பு வரி தன் சொந்தச் சரக்கு என்றுதான் வாய்க்கத்தி இத்தனை வருஷமும் மார்தட்டிக்கொண்டிருந்தார். எப்போது தோன்றியது, எப்படித் தோன்றியது என்று யோசித்தால் ஒரு மண்ணும் நினைவுக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த ஆயிரம் தலைகளில் எந்தத் தலை சொன்னது? கூட்டாளியா, மைத்துனனா? அன்று சாயங்காலம் வரை கதவருகே போகிற வருகிற ஒவ்வொருத்தனையும் முறைத்துப் பார்த்தார். ஒரு கிழவருக்குக் காதோரம் கீறல்கூட விழுந்தது.

வீட்டில் வந்து பொண்டாட்டியிடம் கொட்டினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கல்யாணமான புதிதில் அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது ஸ்டூடியோக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார் என்றுதான் வரும் என்றாள். சோப்பு பிறகு வந்தது.

“நீங்கதானே ஒரு நாள் குதிச்சுக்கிட்டு வந்தீங்க? வாயே திறக்காத மனுஷன் இன்னைக்கு ஒரு வரி சொன்னாரு, கடையே கப்சிப்புன்னு ஆயிடுச்சு, இனிமே அதையே வச்சுக்கப் போறேன்னு. மறந்துட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தார். அவள் சொல்லி முடித்ததும் எல்லாம் திரும்பி வந்தது. யாருக்கோ ஒரு கன்னம் வழித்துவிட்டு அவர் கதையளந்துகொண்டிருக்கிறார். உள்நாற்காலியிலிருந்து, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அண்ணன் சொல்கிறார்: அந்தாளும் இப்படித்தான் கிடந்தான். அன்றைக்கு அதைக் கேட்டுக் கைதட்டாத குறையாகச் சிரித்தது யார்? இதே வாய்க்கத்திதான்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக அண்ணனைக் கேட்டுவிட்டார். அண்ணன் மறைக்கவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

“நான்தான் மேல போனேன். ஒரு கன்னம் முடிச்சேன். வெந்நீர் ஆறிப் போச்சு, எடுத்துட்டு வரலாம்னு கீழ வந்தேன். திரும்பிப் போனா ஆளு கிடக்கிறாரு. பெட்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணே.”

“கையில கத்தியோட நின்னவன் சொன்னா எவன்டா நம்புவான்?”

நியாயம்தான். அப்பாடா என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை. தொழில் குறுக்கே வந்து நின்றது. வெந்நீர் ஆறிவிட்டதா என்று நுரை போடுவதற்கு முன்னால் பார்ப்பார்கள். ஒரு கன்னத்தில் நுரையை வைத்துவிட்டு எந்தத் தொழிலாளியும் மாடிப்படி இறங்கமாட்டான். நுரை காய்ந்தால் கத்தி இழுக்கும், தோல் எரியும். அப்பா இதைக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவர். அண்ணனோ கைவேலையில் ஒரு பிசகு காட்டாத ஆள். அன்றைக்கு மட்டும் எப்படி இறங்கி வந்தார்? கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. கேட்டால் இன்னொரு பதில் வரும், அதையும் தோண்ட வேண்டியிருக்கும். அதற்குள் அந்தப் பெண் படியேறிவிட்டார்.

யார் சொன்னது என்று மறுபடி கேட்டார். வாய்க்கத்தி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சீப்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் போனேன், ஆனால் கொல்லவில்லை என்று நீயே சொல்லிவிடேன் அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினார். சீப்பு அடுக்கும் சத்தம்தான் கேட்டது. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க நாக்கு புரளவில்லை. தன் தலையைக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. செத்துப்போனவரை யார் என்ன செய்துவிட முடியும்?

“எங்கப்பா சொன்னதும்மா. அன்னைக்கு அவர்தான் மேல போனாரு.”

சொல்லும்போதே ஒரு நப்பாசை இருந்தது. அப்பா பேரைக் கேட்டாவது அண்ணன் துடித்துப்போய்க் குறுக்கே விழுவார், உண்மையைச் சொல்வார், அவர் நிரபராதி என்று தனக்கும் நிச்சயமாகும் என்று. அந்தப் பெண் அண்ணன் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

“ஆமா,” என்றார் அண்ணன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “அப்பாதான் போனாரு.”

அந்தப் பெண் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அந்தத் தாத்தாவா?” என்று கேட்டார். கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி விடுவாரே, அப்பா போனபிறகு எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதாரே, அவரா? செத்தவரைப் பிடிக்கப் போலீஸ் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார். போகும்போது அவர் அழுததும், ஏன் என்று கேட்டவர்களிடம் அந்தத் தாத்தாவைச் சொன்னதும் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகென்ன, தெரு சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் விஷயம் கறிகாய்க் கடை வரைக்கும் போய்விட்டது. பொழுது சாயும் முன்னால் கடையில் கூட்டம். எல்லோரும் வாய்க்கத்தியின் முகத்தையே பார்த்தார்கள், கதையின் புது முடிவு வரும் என்று. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா அடித்த அடி, ஊட்டிய சோறு, கட்டிலில் கிடந்த கடைசி நாட்களில் தாடி வழித்துவிடச் சொல்லிக் காட்டிய முகம், எல்லாம் ஒன்றாக வந்து கண்முன் நின்றன.

அப்போது உள்நாற்காலியில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார், உங்கப்பா அன்னைக்கு என்னதான் செய்தாரென்று. அண்ணன் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். “அப்பா ஒரு கன்னம் முடிச்சாரு,” என்று ஆரம்பித்தார். “வெந்நீர் ஆறிப் போச்சுன்னு என்கிட்ட சொன்னாரு. ஆனா பாருங்க, நுரையைப் போட்டுட்டு எவனாவது வெந்நீருக்கு இறங்குவானா? எனக்கு அப்பவே சந்தேகம்.”

கடை மூச்சு விடாமல் கேட்டது. வாய்க்கத்தி கதவருகே தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் கதையை நிறுத்தவில்லை.