தண்ணீருக்குள் போக வேண்டும் என்றவர்

மூன்று வருடங்களுக்கு முன், குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வாவிக்கரையோரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை நடந்தது. வேலையாட்களுக்கு மத்தியானச் சோறு சமைத்துக் கொடுத்தது நான்தான். அவர்களில் ஒருவர் சீனாக்காரர், மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுபவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். 'அக்கா', 'சோறு' என்பதற்கு மேல் தமிழ் தெரியாது. ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கைபேசியில் தன் மொழியில் பேசுவார்; அது தமிழில் எழுதிக் காட்டும்.

ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் அவரவர் ஊரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவரிடமும் கேட்டோம். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினார். மலைகளுக்கு நடுவே நீலமாகத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

"என்னகா இது, இவர் மீனோட குடியிருந்தவரா?" என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏனென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

பிறகு கைபேசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பெரிய ஆறொன்றை மறித்து அணை கட்டியபோது அவருடைய கிராமம் முழுவதும் மூழ்கிவிட்டதாம். அயலவர்களைப் பிரித்து வேறுவேறு இடங்களுக்கு அனுப்பினார்களாம். இவர்களுக்குக் கிடைத்தது இரண்டு நாள் பயணத் தூரத்தில், மலையே இல்லாத ஊரில் ஒரு வீடு. நல்ல வீடுதான், புதுச் சீமெந்துச் சுவர் என்றும் சொன்னார். ஆனால் மலைச்சரிவில் தோடை மரம் வளர்த்துப் பழம் விற்ற அப்பாவுக்கு, அங்கே கொடுத்த வயலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் பேச்சு அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை; சந்தையில் விரலைக் காட்டித்தான் மரக்கறி வாங்குவாராம். கட்டிக்கொண்டு வந்த பெட்டிகளில் ஒன்றை அப்பா கடைசிவரை அவிழ்க்கவே இல்லையாம். கொடுத்த நிலம் போதாமல் பிள்ளைகள் வேலை தேடி ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் அவருடைய சாப்பாட்டில் பொரித்த மீன் ஒரு துண்டு கூடுதலாக வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்ய?

ஒன்றிரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கைபேசியை நீட்டினார்.

'என் அப்பா இறந்துவிட்டார். நான் தண்ணீருக்குள் போக வேண்டும்.'

வாவியில் விழுந்து சாகப் போகிறார் என்றே நினைத்தேன். என் கணவர் வாவியில் மீன் பிடிப்பவர். ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தேன். வாசித்துப் பார்த்தவர், "தனிய விடாத புள்ள. நானும் வாறன் எண்டு சொல்லு" என்றார்.

சீனாக்காரர் கரையில் கிடந்த தோணியைக் காட்டினார். மூன்று பேருமாக ஏறினோம். குதித்துவிடுவாரோ என்ற பயத்தில், நான் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடியே இருந்தேன்.

நடு வாவியில் கணவர் துடுப்பை நிறுத்தினார். சீனாக்காரர் மறுபடியும் கைபேசியில் பேசிக் காட்டினார். உடனே புறப்பட்டாலும் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிடுமாம். தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டுமென்பதுதான் அவருடைய அப்பாவின் ஆசை. அந்தக் கல்லறையோ அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதனால் புது ஊரிலேயே எரிக்கப் போகிறார்களாம். 'எங்கள் ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீருக்கு மேல் போய் அப்பாவைக் கூப்பிட நினைத்தேன்' என்று கைபேசி எழுதியது.

கைபேசியை என்னிடம் தந்துவிட்டு, முழங்காலிட்டு, தண்ணீரைப் பார்த்துப் பெரிய சத்தமாகக் கூப்பிட்டார். ஒரே சொல். திரும்பத் திரும்ப அதே சொல். தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அவருடைய தோளைத் தொடப் போனேன்.

"விடு புள்ள, அந்தாள் கூப்பிடட்டும்" என்றார் கணவர்.

சத்தம் வராமல் போகும்வரை கூப்பிட்டார். நானும் அழுதேன்.

யுத்த காலத்தில் நாங்களும் ஊரை விட்டு ஓடினோம். பள்ளிக்கூடத்திலும் உறவுக்காரர் வீட்டிலுமாக இரண்டு வருடம் கிடந்தோம். எங்களைப் போல் ஒருவரும் பட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் அதுவரை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கிணறு முழுக்கக் குப்பை. ஆனாலும் வீடிருந்த வளவு நிலம் எங்களுக்காக அப்படியே கிடந்தது.

குழாய் வேலை முடிந்ததும் அவர் வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டார். அவருடைய கைபேசி இலக்கமும் இப்போது வேலை செய்வதில்லை. ஓடித் திரிந்த காலத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், பட்ட பாட்டையெல்லாம் சொல்வதற்கு முன்னால், நாங்கள் திரும்பி வந்தோம் என்பதைத்தான் இப்போதெல்லாம் முதலில் சொல்கிறேன்.